அழுக்கு எங்கே போகிறது?

பித்தளையைப் பற்றி நம் வீட்டு ஸ்திரீகளுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், பஞ்சபாத்திரம் என்று பரம்பரை பரம்பரையாக அதனுடன் பழகியவர்கள் அவர்கள். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் கொல்லையிலே புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தால், கறுத்துக் கிடந்த விளக்கு அரை மணியில் பொன் போல ஆகிவிடும். அந்த வேலையில் உண்மையில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சாம்பலும் நாரும் தேய்க்கின்றன. கடைசியில் ஊற்றும் தண்ணீர் அழுக்கை அடித்துக் கொண்டு போகிறது. கரைத்தல், தேய்த்தல், கொண்டு போதல் - இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சுத்தம்.

இதே பித்தளையைச் சுத்தம் செய்வதற்காக அமெரிக்காவில் விதம் விதமான யந்திரங்களை விற்கிறார்கள். ஆனால் அங்கே சுத்தம் செய்யப்படுவது விளக்கும் குடமும் அல்ல. துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு. விரற்கடை அளவே உள்ள இந்தச் சிறு சாமானைச் சுத்தம் செய்ய எந்த யந்திரத்தை வாங்குவது என்பது அங்கே பெரிய விவாதம். 'எது அதிகமாகப் பளபளக்கச் செய்யும்?' என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல என்பதே இக்கட்டுரையின் விஷயம். அந்த யந்திரம் அழுக்கை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கிறது என்பதுதான் முக்கியம். ஏனென்றால் அந்த அழுக்கில் விஷம் இருக்கிறது. அந்த யந்திரம் இருப்பதோ குழந்தைகள் நடமாடும் வீட்டில்.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. முன்னால் பறந்து செல்லும் குண்டு ஒன்று. அதைத் தள்ளும் வெடிமருந்து இரண்டு. அந்த மருந்துக்குத் தீ மூட்டும் 'பிரைமர்' மூன்று. தீபாவளியில் குழந்தைகள் வெடிக்கும் பொட்டு வெடிக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம். இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு நான்காவது. சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது; மருந்து எரிந்துவிடுகிறது; பிரைமர் செலவாகிவிடுகிறது. மிஞ்சுவது கூடு ஒன்றுதான்.

நான்கு பாகங்களிலும் விலை அதிகமானது இந்தக் கூடுதான். ஆகவே, அதைத் தூக்கி எறியாமல் மீண்டும் மீண்டும் உபயோகிக்கும் வழக்கம் அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டு விட்டது. கடைவீதிக்கு வெகு தூரத்தில் இருந்த வேட்டைக்காரர்கள் கூடுகளைப் பொறுக்கி எடுத்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துக் கொண்டார்கள். இன்று குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்ட லட்சக்கணக்கானவர்கள் அங்கே இதைத் தம் வீட்டிலேயே செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படிச் செய்ய முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகையால் தோட்டாவைப் பற்றிய வரையில் இங்கே சொல்வதெல்லாம் அந்நாட்டுச் சமாசாரம். ஆனால் பித்தளைக்கும் இரும்புக்கும் தேச வித்தியாசம் தெரியாது. கடிகாரச் சக்கரம், பூட்டின் உள் உறுப்பு, மோட்டார் சைக்கிள் கார்ப்பரேட்டர் போன்ற சிறு சாமான்களைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு இந்த யந்திரங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எதற்காகச் சுத்தம் செய்ய வேண்டும்?

தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் 100-க்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்திருக்கும். கிழியாமல் நீளக் கூடிய கலவை இது. வட்டமான தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைப் படிப்படியாக இழுத்துக் குழாயாக்குகிறார்கள். சுடும்போது அது கணப்பொழுதில் விரிந்து துப்பாக்கியின் சுவரோடு ஒட்டிக் கொள்கிறது. மறுகணம் சுருங்கி விடுகிறது. இப்படி விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டு வர, கெட்டியான எஃகு அச்சுக்குள் அழுத்துவார்கள். கூட்டின் மேல் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் போதும். அச்சில் கீறல் விழும். பிறகு அந்த அச்சில் நுழையும் கூடு ஒவ்வொன்றிலும் அதே கீறல் விழும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பல முறை விரிந்து சுருங்கிய பித்தளை களைத்துப் போகிறது. கழுத்தில் மயிரிழை போன்ற பிளவு காணும். அல்லது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான வளையம் தோன்றும். அந்த இடத்தில் சுவர் மெலிந்து விட்டது, அடுத்த முறை கூடு இரண்டாகப் பிரியலாம் என்பதற்கு அது அடையாளம். அப்படிப் பிரிந்தால் கொதிக்கும் வாயு சுடுகிறவருடைய முகத்தை நோக்கிப் பீறிட்டு வரக்கூடும். கரியும் களிம்பும் மூடியிருந்தால் இந்த அடையாளங்கள் கண்ணில் படாது. ஆகவே சுத்தம் செய்வதன் பயன் கூட்டைப் பரிசோதிப்பதில் இருக்கிறது, பளபளப்பில் இல்லை.

இதற்கு ராணுவத்தாரே சாட்சி. அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கித் தோட்டாக்களில் கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். பித்தளையை அந்த இடத்தில் சுட வைத்து இளக்கியதன் அடையாளம் அது. அதைத் தேய்த்துப் போக்குவது ஒன்றும் கஷ்டமல்ல. ஆனாலும், வேலை சரியாக நடந்தது என்பதற்கு அத்தாட்சியாக அதை அப்படியே விட்டு வைக்கிறார்கள். ஒரு ராணுவத்துக்கே வேண்டாத பளபளப்புக்காக வீட்டில் உள்ளவர்கள் இரவும் பகலும் யந்திரம் ஓட்டுவதில் என்ன அர்த்தம்?

வெள்ளீயமும் காரீயமும்

இப்போது அழுக்கின் விஷயத்துக்கு வருவோம். சுட்ட கூட்டில் மேலே களிம்பும் மண்ணும் இருக்கும். உள்ளே கரி இருக்கும். இவை பாவம், சாதாரண அழுக்குகள். நான்காவதாக, பிரைமர் எரிந்த இடத்தில் சாம்பல் நிறத் தூள் ஒன்று படிந்திருக்கும். பொல்லாதது அதுதான். பெரும்பாலான பிரைமர்களில் தீ மூட்டும் பொருள் 'லெட் ஸ்டிப்னேட்' என்ற காரீயக் கூட்டுப்பொருள். அது வெடித்த பின் காரீயம் நுண்ணிய தூளாகக் கூட்டுக்குள் தங்கிவிடுகிறது.

நம் பேச்சில் இரண்டு உலோகங்களுக்கு ஈயம் என்ற ஒரே பெயர் வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. அதனால் தீங்கு இல்லை. காரீயம் வேறு. அது இரத்தத்தில் கலந்து, எலும்பில் குடியேறி, வருஷக் கணக்கில் அங்கேயே தங்கிவிடும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். குழந்தைகளுடைய மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கையை வாயில் வைப்பதும் தரையில் தவழ்வதும் அவர்களுடைய சுபாவம். பெரியவர்களைக் காட்டிலும் அவர்கள் உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக் கொள்ளவும் செய்கிறது. கர்ப்ப ஸ்திரீயின் இரத்தத்திலிருந்து கருவில் உள்ள சிசுவுக்கும் அது போய்ச் சேரும்.

எவ்வளவு காரீயம் இருந்தால் ஆபத்து? குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கருத்து. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ம் வருஷத்தில் அம்மையம் எல்லை வகுத்தது. அதற்கு முன்னால் எல்லை 5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு செய்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத தூளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்பது இதிலிருந்து விளங்கும். நான்கு சுவருக்குள் துப்பாக்கி சுடும் கூடங்களில் பழகுகிறவர்களின் இரத்தத்தில் காரீயம் ஏறுவதைப் பற்றி அதே மையம் 2014-ம் வருஷத்தில் அறிக்கை வெளியிட்டது. கூடத்தில் இருக்கும் தூளே கூட்டுக்குள்ளும் இருக்கிறது. கூட்டை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர் தூளையும் கூடவே அழைத்து வருகிறார்.

அதிரும் யந்திரம்

இனி யந்திரங்களைப் பார்ப்போம். மிகவும் பழக்கமானதும் விலை குறைந்ததும் அதிரும் யந்திரம். அடியில் மோட்டார் வைத்த ஒரு கிண்ணம். மணிகளை உதிர்த்த மக்காச்சோளத்தின் சக்கையையோ வால்நட் கொட்டையின் ஓட்டையோ குருணையாக உடைத்து அதில் நிரப்புவார்கள். கூடுகளையும் போட்டு விசையைத் தட்டினால், கிண்ணம் அதிர அதிரக் குருணை கூடுகளோடு உராய்ந்து கொண்டே சுற்றிச் சுற்றி வரும். வால்நட் ஓடு கடினமானது. அழுக்கைச் சீக்கிரம் எடுக்கும். சோளச் சக்கை மெதுவானது, மெருகு தரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் வேண்டாம், உலர்த்த வேண்டிய தொல்லையும் இல்லை.

இவ்வளவு சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு. நம் மூன்று காரியங்களில் 'தேய்த்தல்' ஒன்றைத்தான் இந்த யந்திரம் செய்கிறது. கரைக்கவும் இல்லை, கொண்டு போகவும் இல்லை. கூட்டை விட்டு நீங்கிய காரீயத் தூள் குருணையில் கலந்து, தடவைக்குத் தடவை சேர்ந்து கொண்டே போகிறது. வேலை முடிந்ததும் கூட்டையும் குருணையையும் சல்லடையில் கொட்டிப் பிரிக்கிறார்களே, அப்போது புகை போலக் கிளம்புகிறது பாருங்கள் ஒரு தூசி, அதுதான் அபாயம். வீட்டுக் கூடத்தில் வைத்துச் சலித்தால் அது தரையிலும் ஜமக்காளத்திலும் போய் உட்காரும். மறுநாள் அதே தரையில் குழந்தை தவழும்.

ஆகையால் இந்த யந்திரத்தை வாங்குகிறவர் மூடி இறுக்கமாக உள்ளதையே வாங்க வேண்டும். சலிப்பதற்கு மூடிய சுழல் சல்லடையும் உடன் வாங்க வேண்டும். ஓட்டுவதும் சலிப்பதும் வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். ஈரக் காகிதத் துண்டு இரண்டைக் குருணையோடு போட்டால் தூசியில் ஒரு பகுதியை அது பிடித்துக் கொள்ளும். குருணை கறுத்துவிட்டால் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

உருளும் பீப்பாய்

இரண்டாவது வகை, படுக்க வைத்துச் சுழலும் பீப்பாய். இதில் தண்ணீர், சோப்பு, சிறிது சிட்ரிக் அமிலம், இவற்றுடன் எவர்சில்வர் ஊசித் துண்டுகளையும் போடுவார்கள். ஒவ்வொரு துண்டும் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனமும் 6.5 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும்; கூட்டின் வாய்க்குள்ளும் பிரைமர் பள்ளத்துக்குள்ளும் தாராளமாக நுழையும். நடுத்தரமான பீப்பாய்க்கு வழக்கமான அளவு இது: ஊசிகள் 5 பவுண்டு, கூடுகள் 2 பவுண்டு, தண்ணீர் ஒரு காலன், சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி. நம் கணக்கில் ஊசி இரண்டே கால் கிலோ, கூடு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தண்ணீர் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

கொல்லையில் உட்கார்ந்து நம் பாட்டிமார் செய்த வேலையைத்தான் இந்தப் பீப்பாய் அப்படியே செய்கிறது. புளிக்குப் பதில் சிட்ரிக் அமிலம். தேங்காய் நாருக்குப் பதில் எவர்சில்வர் ஊசி. கொண்டு போவதற்குத் தண்ணீர். மூன்று காரியங்களும் நடந்துவிடுகின்றன. கூடு உள்ளும் புறமும் புதிது போல ஆகிறது. தூசி என்ற பேச்சே இல்லை. காரீயம் முழுவதும் தண்ணீரில் தங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. முதலில் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளம் சுத்தமாகாது, ஈரமும் உள்ளே தங்கிவிடும். அப்படித் தட்டும்போது உதிரும் தூளையும் ஜாக்கிரதையாகப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்து, ஊசி ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் பல மணி நேரம் ஓட்டினால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு நசுங்கும். அமிலத்தை அள்ளிப் போட்டாலும் ஆபத்துதான். பித்தளையிலிருந்து துத்தநாகம் பிரிந்து போய், செம்பின் இளஞ்சிவப்பு மேலே தெரியும். புளியில் நெடுநேரம் ஊறிய விளக்கும் இப்படிச் சிவந்து போவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

பிறகு உலர்த்த வேண்டும். அமெரிக்காவில் சிலர் பழங்களை வற்றலாக்கும் மின்சாரப் பெட்டியில் கூடுகளை அடுக்கிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் ஒரு முறை கூடு வைத்த பெட்டியில் மறுபடி பழத்தை வைக்கக் கூடாது. சமையல் அடுப்புக்குள் வைப்பதோ இரட்டைத் தவறு. ஒன்று, காரீயம் சமையலறைக்குள் வந்துவிடும். இரண்டாவது, 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் பித்தளை இளகத் தொடங்கும். கூட்டின் கழுத்து இளகலாம். அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பாகம் இளகினால் கூடு உபயோகமற்றது. நல்ல வெயில் இருக்கும் ஊரில் இத்தனை தொந்தரவும் எதற்கு? வெயிலே போதும்.

செவிக்கெட்டாத ஒலி

மூன்றாவது யந்திரத்தை நம் வாசகர்களில் பலர் மூக்குக் கண்ணாடிக் கடையிலோ நகைக் கடையிலோ பார்த்திருக்கலாம். சிறிய எவர்சில்வர் தொட்டி; அதில் தண்ணீர்; விசையைத் தட்டினால் 'ஙொய்' என்று ஒரு மெல்லிய ரீங்காரம். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கிலிருந்து அழுக்கு புகை போல வெளியே வரும். 'அல்ட்ராசானிக்' தொட்டி என்று இதற்குப் பெயர்.

மனிதச் செவிக்கு விநாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். இந்தத் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லைகள் பொதுவாக விநாடிக்கு 40,000 தடவை அதிர்கின்றன. அந்த அதிர்ச்சியில் தண்ணீருக்குள் எண்ணற்ற நுண்ணிய குமிழிகள் தோன்றி, தோன்றிய வேகத்திலேயே உள்வாங்கி நொறுங்குகின்றன. ஒவ்வொன்றும் நொறுங்கும்போது பக்கத்தில் உள்ள அழுக்கை ஒரு குத்துக் குத்திப் பெயர்க்கிறது. குமிழி நொறுங்குவதில் இவ்வளவு பலம் உண்டு என்பதை முதலில் கப்பல்காரர்கள்தான் நஷ்டப்பட்டுத் தெரிந்து கொண்டார்கள். கப்பலின் சுழல் விசிறியைக் குமிழிகள் அரித்துத் தின்றன. அந்த பலத்தை 1917-ம் வருஷத்தில் கணக்கிட்டுக் காட்டினார் ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி. அன்று கப்பலைக் கெடுத்த சக்தி இன்று கடிகாரத்தைத் துலக்குகிறது.

நாரும் ஊசியும் நுழையாத துளைக்குள்ளும் இந்தக் குமிழி நுழையும். கார்ப்பரேட்டரின் நுண்துளை, கடிகாரத்தின் பல் சக்கரம், பூட்டின் உட்புறம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை. தோட்டாக் கூட்டின் உட்புறமும் நன்றாகச் சுத்தமாகும். ஆனால் பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது. தேய்த்தால்தானே மெருகு வரும்? சுத்தமான, ஆனால் மங்கலான கூடுதான் இந்தத் தொட்டியிலிருந்து கிடைக்கும். அதைக் கண்டு 'யந்திரம் சரியில்லை' என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்கு மங்கியதெல்லாம் அழுக்காகத்தான் தெரியும்.

தொட்டி வாங்குகிறவர்கள் சில விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். தண்ணீரை 50 முதல் 60 டிகிரி வரை சுட வைக்கும் வசதி இருந்தால் வேலை துரிதப்படும். சாமான்களை அடியில் கிடத்தாமல் கூடையில் வைத்து மிதக்க விட வேண்டும். அடியில் கிடந்தால் தொட்டி கெட்டுவிடும். பெட்ரோலையோ ஸ்பிரிட்டையோ ஒரு நாளும் ஊற்றக் கூடாது. ஆவி தீப்பற்றிக் கொள்ளும். வெடிக்காத பிரைமரோ முழுத் தோட்டாவோ இந்தத் தொட்டிக்கு மட்டுமல்ல, எந்தத் தொட்டிக்கும் ஆகாது. முத்து, மரகதம் பதித்த நகையைப் போட்டால் கல் கெடும். பித்தளையையும் இரும்பையும் ஒரே அமிலத் தண்ணீரில் சேர்த்துப் போட்டால் இரும்பின் மேல் செம்பு படியும். ஆகவே உலோகத்துக்கு உலோகம் தனித் தனியாகக் கழுவ வேண்டும். இரும்புச் சாமானை எடுத்தவுடன் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் சில நிமிஷங்களிலேயே துரு பூக்கும்.

தொட்டி உண்மையாகவே வேலை செய்கிறதா என்று அறியச் சுலபமான பரீட்சை ஒன்று உண்டு. மெல்லிய அலுமினியக் காகிதத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் அதில் பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்தால் யந்திரம் நல்லது. வெறும் சத்தம் மட்டும் வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விடலாம்.

குதிரை லாயத்தில் கற்ற பாடம்

எந்த யந்திரத்தை வாங்கினாலும் அதில் எதை ஊற்றுவது என்பதில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. அந்தப் பாடம் பிறந்த இடம் நம் இந்தியாதான்.

பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்த 19-ம் நூற்றாண்டில், மழைக்காலம் வந்தால் படைகளின் நடமாட்டம் குறைந்துவிடும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்த பின் எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டுக் கிடக்கும். பருவம் மாறும்போது நேர்ந்தபடியால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததே தவிரக் காரணம் கிடைக்கவில்லை. 1921-ம் வருஷத்தில் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூன்று விஞ்ஞானிகள் அதை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா ஆவி கிளம்புகிறது. மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து அது பித்தளையைத் தாக்குகிறது. கூட்டை இழுத்துச் செய்தபோது உள்ளே அடைபட்ட இறுக்கம், அந்தப் பலவீனமான இடத்தில் பித்தளையைப் பிளந்துவிடுகிறது. செய்து முடித்த கூட்டை இதமாகச் சுட வைத்து இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம்.

பித்தளைக்கு மெருகேற்றும் திரவங்கள் சிலவற்றின் மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். அது அம்மோனியா. அலங்காரப் பாத்திரத்துக்கு அதைத் தடவிக் கழுவி விடுவதால் பெரிய நஷ்டம் இல்லை. பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கூட்டுக்கு அது கூடவே கூடாது. கூடு பொன் போல மின்னும். உள்ளே விரிசலுக்கு விதை ஊன்றப்பட்டிருக்கும்.

எதை வாங்குவது?

மாதத்துக்கு ஐம்பது, நூறு கூடுகளே சேருகிறவருக்கு யந்திரமே அவசியமில்லை. தனியாக வைத்த ஒரு வாளியில் வெந்நீர், சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். பத்து நிமிஷம் ஊற வைத்துக் கலக்கி, இரண்டு தண்ணீரில் அலசினால் பரிசோதனைக்கு வேண்டிய சுத்தம் வந்துவிடும். செலவு சில காசு.

நூற்றுக்கணக்கில் சேருகிறவர், வீட்டில் குழந்தைகளும் உள்ளவர், உருளும் பீப்பாயை வாங்கலாம். விலை சற்று அதிகம்; உலர்த்தும் வேலையும் அதிகம். ஆனாலும் காரீயத்தைத் தூசியாகப் பறக்க விடாமல் தண்ணீரில் பிடித்து வைக்கிறதே, அந்த ஒரு குணத்துக்காகவே அது மற்றவற்றை வென்றுவிடுகிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து பிரிந்த கொட்டகை உடையவர் அதிரும் யந்திரத்தை அங்கே வைத்துக் கொள்ளலாம். கடிகாரம், பூட்டு, கார்ப்பரேட்டர் என்று பலவிதச் சிறு சாமான்களும் கைக்கு வருகிறவருக்கு அல்ட்ராசானிக் தொட்டியே ஏற்றது. எதை வாங்கினாலும் தேவைக்கு ஒரு படி பெரிதாகவே வாங்குவது நலம். சிறிய யந்திரத்தில் திணித்து நிரப்பினால் உராய்வதற்கு இடமிராது.

ஆனால் தண்ணீரில் பிடித்த காரீயத்தை அப்புறம் என்ன செய்வது? அந்தக் கறுத்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியிலும் கீரைப் பாத்தியிலும் கிணற்றடியிலும் கொட்டினால் பிரயோஜனம் என்ன? தூசியில் வந்த விஷம் குழம்பில் வந்து சேரும். அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டு விஷக் கழிவுகளைத் தனியே வாங்கிக் கொள்ள நகரசபையார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கறுத்த குருணையையும் தண்ணீரில் அடியில் தங்கிய மண்டியையும் அங்கே ஒப்படைப்பதுதான் முறை.

வேலை செய்யும்போது கையுறை அணிய வேண்டும். அந்த இடத்தில் காப்பி சாப்பிடக் கூடாது. சிகரெட் பிடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கையையும் முகத்தையும் சோப்பினால் கழுவி, உடுத்திய சட்டையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. வாளி, வடிகட்டி, கரண்டி எல்லாம் இந்த வேலைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று ஒரு பரிசோதனை செய்து கொள்ளலாம். உடம்பில் ஏறிய பிறகு வருந்துவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போலத்தான்.

இந்தக் கட்டுப்பாடுகளைக் கேட்டு, விளையாட்டுக்கென்று தொடங்கிய காரியத்துக்கு இவ்வளவு ஆசாரமா என்று சிலர் சிரிக்கலாம். கொல்லையில் தேய்க்க வேண்டிய பாத்திரத்தைக் கொல்லையில் தேய்க்க வேண்டும், சமையலறைக்குள் கொண்டு வரக் கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடும் இதுபோன்றதுதான். யந்திரக் கடைக்குப் போகிறவர், 'இதில் போட்டால் எவ்வளவு பளபளக்கும்?' என்று கேட்பதற்கு முன், 'இதில் வரும் அழுக்கு எங்கே போகும்?' என்று கேட்கட்டும். அதற்கு நல்ல பதில் சொல்லக் கூடிய யந்திரம் எதுவோ, அதை வாங்கட்டும்.